சோலார் வெந்நீர்: வாங்குமுன் தண்ணீரைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டால் தொண்டி, தேவிபட்டினம், மண்டபம் என்று கடலோர ஊர்களில் சோலார் வாட்டர் ஹீட்டர் விற்பனை சூடுபிடிக்கிறது. 100 லிட்டர் ஹீட்டர் ஆண்டுக்கு 1,500 யூனிட் மிச்சப்படுத்தும் என்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனால் 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்றி, 100 லிட்டரையும் ஆண்டு முழுக்கத் தினமும் செலவழிக்கிற வீட்டுக்குத்தான் அது பொருந்தும்.

நம் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு 20 லிட்டர். 26 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்கு ஏற்ற, கீசரில் வீணாவதையும் சேர்த்தால் ஒன்றரை யூனிட். யூனிட் 5 ரூபாய் என்றாலும் நாளைக்கு 8 ரூபாய்க்குள். இந்த வெக்கையில் வெந்நீர் தேடுவது கார்த்திகை முதல் மாசி வரைதான், ஆக 120 நாளுக்கு 900 ரூபாய். குழாய் வேலையோடு 20,000, 25,000 ரூபாய் போட்டால் அது எப்போது திரும்பும்? போதாக்குறைக்கு நமக்கு மழையும் மேகமும் அதே மாதங்களில்தான். அந்த நாட்களில் எப்படியும் கீசர் ஓடும்.

ராமேஸ்வரம் விடுதிகள் கதை வேறு. அக்னி தீர்த்தத்திலும் 22 தீர்த்தங்களிலும் நீராடி வருபவர்கள் ஆண்டு முழுக்க வெந்நீர் கேட்பார்கள். மின்சாரமும் வணிகக் கட்டணத்தில். 500 லிட்டருக்குத் தினம் 10 யூனிட், சுமார் 100 ரூபாய். மூன்று, நான்கு ஆண்டில் முதல் கைக்கு வந்துவிடும்.

வந்துவிடும், தண்ணீர் நல்லதாக இருந்தால். இங்கே ஹீட்டரைக் கொல்வது போர் தண்ணீர். உள்தொட்டி பெரும்பாலும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு. லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு (உப்பில் உள்ள, எஃகை அரிக்கும் பொருள்) இருந்தால் பச்சைத் தண்ணீரிலேயே அதற்கு ஆகாது. சூடேறினால் தாங்குதிறன் இன்னும் குறையும். முதலில் வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். கசிவு வெளியே தெரிவதற்குள், சூடு போகாமலிருக்கத் தொட்டியைச் சுற்றி அடைத்த பஃப் நுரை ஊறிப்போயிருக்கும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் குளோரைடையும் கடினத்தன்மையையும் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். உப்பு கூடுதலென்றால் எனாமல் பூசிய தொட்டியோ பாலிமர் தொட்டியோ கேளுங்கள். எனாமல் தொட்டிக்குள், தான் கரைந்து தொட்டியை அரிப்பிலிருந்து காக்கும் மக்னீசியம் ராடு இருக்கும். உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் கரையும், ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பார்க்க வேண்டும். காவிரிக் கூட்டுக் குடிநீர் தாராளமாக வரும் வீட்டுக்கு இந்தக் கவலை குறைவு. வெயிலை வாங்கும் கண்ணாடி டியூபில் படிந்த சுண்ணாம்பைக் கரைக்கக் கக்கூஸ் ஆசிட் ஊற்றுகிறார்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், எஃகையும் சேர்த்துத் தின்னும். சிட்ரிக் அமிலம் போதும்.

பொருத்தும்போது நடக்கும் கோளாறுகளில் முதலாவது உயரம். மேல்நிலைத் தொட்டியின் அடிமட்டம் ஹீட்டர் தொட்டியின் தலைக்கு மேலே, குறைந்தது ஓரடி உயரத்தில் இருக்க வேண்டும். தரையோடு கிடக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏறாது. மேடை கட்டும் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஹீட்டரின் காற்றுப்போக்கிக் குழாய் மேல்நிலைத் தொட்டியின் தலையையும் தாண்டி மேலே போக வேண்டும். அது அடைத்தால் தண்ணீர் இறங்கும்போது ஹீட்டர் தொட்டி உள்ளே நசுங்கிவிடும். வெந்நீர்க் குழாய்க்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசிதான். முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் நிற்கும், எனவே 20 மீட்டர் ஓட்டத்தில் ஒவ்வொரு முறையும் 5 லிட்டர் பச்சைத் தண்ணீர் போன பிறகே சூடு வரும்.

வெயிலில் காய்ந்து கிடக்கும் டியூபில் தண்ணீர் விட்டால் சடசடவென்று விரிசல் விடும், விடியலில் நிரப்புங்கள். கோடையில் பயன்படுத்தாவிட்டால் தென்னங்கீற்றால் மூடிவையுங்கள். மூடாவிட்டால் தண்ணீர் கொதிநிலைக்குப் போய் உப்பும் சுண்ணாம்பும் வேகமாகப் படியும். ஸ்டாண்டு ஹாட் டிப் கால்வனைஸ் (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த பூச்சு) செய்ததாக இருக்கட்டும். வெறும் பெயின்ட் உப்புக்காற்றில் நிற்காது. கால்களை ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டில் பிணையுங்கள். பாம்பன் காற்றுக்கு வெறும் செங்கல் பாரம் எம்மாத்திரம்?

78,000 ரூபாய் மானியம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது கூரை மின்தகடுகளுக்கு, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும். வெந்நீர் ஹீட்டருக்கான மத்திய மானியம் 2014-லேயே நின்றுவிட்டது.

உத்தரவாத அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். உப்பு அரிப்புக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் பொறுப்பில்லை என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும். தொட்டி என்ன ரகம், எந்த அளவு குளோரைடு வரை உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மண்டபம்.