பருப்பு வேகாத தண்ணீர்

பாளையங்கோட்டை
ஜூன் 14

அன்புள்ள சுப்பையாவுக்கு,

உமது கடிதம் போன வாரம் வந்தது. கனடாவில், உமது வின்னிபெக்கில் இப்போதுதான் ஸ்வெட்டரைக் கழற்றியிருக்கிறீர் என்று படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இங்கே குற்றாலத்தில் சாரல் இறங்கியிருக்கிறது. வழக்கம்போல ஈரத்தைத் தென்காசிக்காரர்கள் எடுத்துக்கொண்டு, வெறும் காற்றை நமக்கு அனுப்புகிறார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்ததாகக் காலண்டர் சொல்கிறது; மொட்டைமாடி அப்படிச் சொல்லவில்லை. மதினிக்கு முழங்கால் வலி தேவலை என்று அறிந்து நிம்மதி.

கடைசிப் பக்கத்தில் ஒரு குத்தல் வைத்திருந்தீர். "கார்ச் செலவில் ஆன்டிஃப்ரீஸ் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீரே, பாளையங்கோட்டையில் உறைவதற்கு மார்கழித் தேங்காய் எண்ணெயைத் தவிர என்ன ஓய் இருக்கிறது?" நல்ல கேள்வி. மூன்று வருடத்துக்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி. அதற்குப் பதில் கிடைக்க எனக்குப் பதினோராயிரம் ரூபாய் செலவாயிற்று. உமக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

மே மாதம் மூன்றாவது வாரம், புனலூரில் ஒரு கல்யாணம். மருமகன் முறையாகும் பையன் ஓட்ட, நான் முன்னால், என் வீட்டம்மாள் பின்னால். செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும்போது வெப்பமானியின் ஊசி சிவப்பைத் தொட்டது. நான் கண்ணாடிக்கு வெளியே மலையைக் காட்டி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பையன்தான் கவனித்தான். ஓரமாக நிறுத்திப் பானட்டைத் தூக்கினால் இட்லிக் கொப்பரை திறந்ததுபோல ஆவி. அவன் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனான். பின்னால் நிறுத்தியிருந்த லாரி டிரைவர் ஒருவர் ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டார். "முகம் வேண்டுமா வேண்டாமா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த மூடி வெறும் மூடி இல்லை ஓய். நம் குக்கரின் வெயிட் மாதிரி. உள்ளே ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கிறது. அதனால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்தால் அழுத்தம் போய்விடும். அந்தக் கணமே அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். குக்கரைத் தெரிந்த எந்தப் பெண்ணும் அதை அப்படித் திறக்க மாட்டாள். அரை மணி நேரம் காத்திருந்தோம். டிரைவர் தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி மஞ்சள்தூள் எடுத்து, "ஒழுகினால் இதைப் போடுங்கள், அடைத்துக்கொள்ளும்" என்றார். அடைக்கும், உண்மைதான்; ஓட்டையை மட்டுமல்ல, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து. நன்றி சொல்லி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கல்யாணச் சட்டை போயிற்று.

மறுநாள் வண்ணார்பேட்டையில் ஒரு மெக்கானிக் திறந்து காட்டினார். உள்ளே செம்மண் குழம்பு. குழாய்களில் வெள்ளையாக ஒரு படிவு, நம் வீட்டு வெந்நீர்த் தவலையின் அடியில் பாறைபோலப் பிடித்திருக்குமே, அதேதான். தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலி. முன்பு ஒருவர், "நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு, எப்போதும் தண்ணீர் ஓடட்டும்" என்று கழற்றிப் போட்டது, நானும் தலையாட்டியிருந்தேன். எஞ்சினுக்கும் காய்ச்சல் இல்லாத ஒரு நிதான உடல்சூடு வேண்டும். ஏறக்குறைய 80, 90 டிகிரிக்கு வந்த பிறகுதான் அந்த வால்வு திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். அது இல்லாவிட்டால் காலையில் எஞ்சின் சூடேறவே நேரமாகும், பெட்ரோல் வீணாகும், தேய்மானம் கூடும். பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று மூன்று வருடமாகப் புலம்பியவன் நான்தான்.

"என்ன தண்ணீர் ஊற்றினீர்கள்?" என்று கேட்டார். போர் தண்ணீர் என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டம்மாள் அரிவாள்மனையிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னாள்: "பருப்பை வேகவிடாத தண்ணீர் எஞ்சினை மட்டும் நன்றாக வேகவைத்திருக்கிறதே!"

சுப்பையா, அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. அதனால் மாநகராட்சிக் குழாயில் தாமிரபரணி வரும் நாளில் இரண்டு குடம் தனியாகப் பிடித்து, பருப்புக்கென்றே மூடி வைப்பாள். முப்பத்தொரு வருடம் பிளஸ் டூ பையன்களுக்கு வேதியியல் நடத்தியவன் நான். கடினநீரில் கால்சியம் பைகார்பனேட் இருக்கிறது, சூடாக்கினால் கார்பனேட்டாகிப் படியும், படிந்த அடுக்கு வெப்பத்தைக் கடத்தாது, கொதிகலன் கெடும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதினேன். உறைநிலைத் தாழ்வு, கொதிநிலை உயர்வு பாடத்தில் கார் ரேடியேட்டரில் எத்திலீன் கிளைக்கால் சேர்க்கும் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அதே கையால் வாசலில் ஹோஸ் பிடித்து என் காருக்குப் போர் தண்ணீர் ஊற்றினேன். பாடம் என்பது தேர்வுக்கு என்று பையன்கள் நினைப்பதாகக் கோபப்படுவேனே, நினைவிருக்கிறதா? வாத்தியாரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

உமது கேள்விக்கு வருகிறேன். உமது ஊரில் அந்த ஆன்டிஃப்ரீஸுக்கு, அதாவது எத்திலீன் கிளைக்காலுக்கு, உறையாமல் காக்கும் வேலை ஒன்றுதான் என்று நினைக்கிறீர். தண்ணீர் உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும். வார்ப்பிரும்பு எஞ்சினையும் பிளந்துவிடும். கிளைக்காலைத் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. பார்க்கிங்கில் காருக்குக் கரண்ட் கம்பி மாட்டி எஞ்சினைச் சூடாக வைப்பதாக எழுதியிருந்தீரே, சிரித்தேன்; இங்கே மாடுகளைத்தான் கம்பத்தில் கட்டுவோம். ஆனால் அதே கலவை மூடியின் அழுத்தத்தில் ஏறக்குறைய 129 டிகிரி வரை கொதிக்காது. உமக்கு ஜனவரிக்கு, எனக்கு மே மாதத்துக்கு. பெயர் வைத்தவன் குளிர்நாட்டுக்காரன், அதனால் ஆன்டிஃப்ரீஸ் ஆயிற்று. நம் ஊர்க்காரன் வைத்திருந்தால் வேறு பெயர் வந்திருக்கும்.

கிளைக்காலே சூட்டை நன்றாகச் சுமக்கும் என்று எண்ணிவிடாதீர். சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. கிளைக்கால் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். அதனால் தண்ணீரே சேர்க்காமல் ஊற்றினால் எஞ்சின் கூடுதலாகச் சூடாகும். வேடிக்கை என்னவென்றால் தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் குடித்தனம். தண்ணீர் என்றால் பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீர். ஏற்கெனவே கலந்து விற்கும் கேனும் உண்டு. அதிலும் தண்ணீர் சேர்க்கும் புத்திசாலிகள் நம் தெருவிலேயே இரண்டு பேர்.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது மூன்றாவது வேலை, துருப்பிடிக்காமல் காப்பது. இரும்பு, அலுமினியம், ரப்பர், பித்தளை எல்லாம் ஒரே தண்ணீரில் குளிக்கும் குளம் அது. அதற்காகச் சிறிதளவு மருந்துகள் கலந்திருக்கிறார்கள். பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்களே, அந்த மாதிரி. சுண்ணாம்பு இருக்கும்வரை பதநீர், தீர்ந்தால் கள். கூலண்டும், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் இந்தத் திரவமும், அப்படித்தான். மருந்து தீர்ந்தால் கிளைக்கால் மெதுவாக அமிலமாக மாறி, காக்க வேண்டிய உலோகத்தையே அரிக்கும். பழைய வகைக்கு இரண்டு வருடம், புதிய வகைக்கு ஐந்து வருடம் வரை என்கிறார்கள். வண்டிப் புத்தகம் சொல்வதே சரி. பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். நிறம் கம்பெனியின் விருப்பம், அதற்குப் பொது விதி கிடையாது. ஒத்துப்போகாத இரண்டு வகையைக் கலந்தால் சில சமயம் பாயசம்போலக் கட்டிக்கொள்ளும்.

இனி எழுதப்போவதை மதினியிடம் படித்துக் காட்ட வேண்டாம். வாங்கிய சிவப்புக் கூலண்டில் கால் லிட்டர் மிஞ்சியது. கேன் ஒழுகியதால், காலியாக இருந்த நன்னாரி சர்பத் பாட்டிலில் ஊற்றிச் சமையலறைப் பரணுக்குக் கீழே வைத்தேன். வேதியியல் வாத்தியார், கவனியும். லீவுக்கு வந்திருந்த பேரன், நாலு வயது, நாற்காலி போட்டு ஏறி அந்தப் பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். மூடி இறுகியிருந்தது. வீட்டம்மாள் வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னிடம் எதுவுமே சொல்லவில்லை.

அது இனிக்கும் ஓய். அதுதான் அதன் கொடுமை. நாயும் பூனையும் தரையில் சிந்தியதை நக்கிச் சாவது அதனால்தான். முதலில் குடித்தவன்போலத் தள்ளாட்டம். பிறகு ஈரல் அதை ஆக்சாலிக் அமிலம் வரை உடைக்க, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படியும். படிவுக்கு எஞ்சினும் ஒன்றுதான், மனிதனும் ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் அதற்குப் பழைய மாற்றுமருந்து சாராயம் என்றால் நம்புவீரா? ஈரல் முதலில் சாராயத்தைப் பிடித்துக்கொள்ளும், கிளைக்கால் உடையாமலே வெளியேறிவிடும். இப்போது ஃபோமெபிசோல் என்று தனி மருந்து இருக்கிறது. வீட்டில் செய்யும் வைத்தியமில்லை; ஓட வேண்டியதுதான். 2022இல் காம்பியாவில் இருமல் மருந்தில் இந்தக் கிளைக்காலும் அதன் பங்காளி டை எத்திலீன் கிளைக்காலும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்ததே, அந்தச் செய்தியை அன்று காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். இப்போது அப்படிப் படிக்க முடியாது.

மிச்சத்தைச் சாக்கடையில் விடவும் மனமில்லை. மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் தன் பழைய கூலண்ட் கேனில் சேர்த்துக்கொண்டார்.

மற்றபடி செய்தி அதிகமில்லை. ஆனித் தேருக்கு வடம் பிடிக்கப் போக வேண்டும். தோள் ஒத்துழைத்தால் தொடவாவது தொடுவேன். மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறீர். ஜங்ஷனுக்கு நானே காரை எடுத்து வருகிறேன். ஊசி இப்போது நடுவில்தான் நிற்கிறது. சர்பத் மட்டும் எங்கள் வீட்டில் கிடைக்காது. அந்த வீட்டில் இனி நன்னாரி பாட்டிலே நுழையக் கூடாது என்று உத்தரவு. மோர் உண்டு, தாமிரபரணித் தண்ணீரில் வெந்த பருப்பும் உண்டு.

உமது,
சிவசு