ஈஸியா வரையிறாராமே!

ஆசிரியருக்கு வணக்கம். ஊர்ப்பக்கத்து மலை, ஆறு, வயல்னு டேப்லெட்லயே வரையிற ஓவியரைப் பத்தி நீங்க போட்ட கட்டுரை படிச்சேன், நல்லா இருந்துச்சு, ஆனா நடுவுல "கம்ப்யூட்டர் உதவியால ஈஸியா வரையிறார்"னு ஒரு வரி வந்துச்சு பாருங்க, அதான் உறுத்துது. நானும் ஸ்டைலஸ் (திரையில வரையிற பேனா) வெச்சு கிறுக்குற ஆளுதான். தூரத்து மலையைத் தனி லேயர்ல (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கண்ணாடித் தாள் மாதிரி) வெளிறின நீலத்துல போடணும், கிட்ட வர வர நிறத்தை அழுத்தமாக்கணும், இல்லேன்னா மலை மரத்துக்குப் பின்னாடி போய் நிக்காம அதோட ஒட்டிக்கிட்டு நிக்கும், இதெல்லாம் கண்ணு பாத்துப் பழகுற விஷயம், எந்த ஆப்பும் சொல்லித் தராது. போட்டதை உடனே அழிக்கிற அண்டூ பட்டன் இருக்குங்கிறது நிஜம்தான் (அதுவே ஒரு வியாதி, ஒரே மேகத்தை இருபது தடவ அழிச்சிருக்கேன்). டேவிட் ஹாக்னி மாதிரி பெரிய ஓவியரே 2010லேர்ந்து ஐபேட்ல இயற்கைக் காட்சி வரையிறாரு, அவரை யாரும் ஈஸின்னு சொல்றதில்லயே.

இன்னொண்ணு, கட்டுரையில வந்த ஓவியத்தைத் தபால்தலை சைஸ்ல கருப்பு வெள்ளையில போட்டீங்களே சார், திரையில ஒளியா தெரியிற பச்சை, மையில வந்தாலே கொஞ்சம் மங்கிடும், இதுல கலரே இல்லேன்னா என்னத்த பாக்குறது? அடுத்த ஞாயித்துக்கிழமை அரைப் பக்கமாச்சும் கலர்ல போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகன்