என் சீட்டைத் திருப்பிக் கொடுங்க அண்ணா

அண்ணா,

நாளைக்குச் சாயங்காலம் நம்ம வாசகசாலையில பாடுறேன். மைக் வச்சு, நாற்காலி போட்டு, ஊர் ஆளுங்க முன்னாடி. செப்டம்பர் 12, பாடகி ஸ்வர்ணலதா போய் 15 வருஷம். பாட யாராவது வேணும்னு செயலாளர் மூணு தடவை வீட்டுக்கு வந்தார். ரெண்டு தடவை முடியாதுன்னுட்டேன். மூணாவது தடவை, அடுப்புல பால் பொங்கிட்டு இருந்துச்சு, அவர் வாசல்ல நின்னுட்டே கேட்டார், சரின்னு வாயில வந்துடுச்சு.

உங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். நம்பரை எடுத்து எடுத்து வச்சேன். நீங்க எடுத்தா முதல்ல தோப்புப் பேச்சு வரும், அப்புறம் பாட்டுக்கு எங்கே இடம்? அதனால இங்கே எழுதுறேன். அண்ணி படிப்பாங்க, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் படிப்பாங்கன்னு தெரியும். தோப்பைப் பத்தியும் கையெழுத்தைப் பத்தியும் இதுல ஒரு வரிகூட வராது. அது நமக்குள்ள.

நான் எழுத வந்தது அந்த பிஸ்கட் டப்பாவைப் பத்தி.

2002 டிசம்பர். பிபிசி உலக சேவைக்கு 70 வருஷம் ஆச்சுன்னு உலகம் பூராவும் ஓட்டு வாங்கினாங்க, எல்லாக் காலத்துக்கும் பிடிச்ச பாட்டு எதுன்னு. அயர்லாந்துக்காரங்க பாட்டு முதலிடம். 'தளபதி'யில வர்ற 'ராக்கம்மா கையைத் தட்டு' நாலாவது. பேப்பர்ல வந்த அன்னைக்கு உங்க கேசட் கடையில டீ மட்டும் எத்தனை தடவை வந்துச்சு! இளையராஜா கட்சிக்காரங்க எல்லாம் லாட்டரி அடிச்ச மாதிரி நின்னாங்க. நீங்க மட்டும் ஸ்பிரிட்டுல பஞ்சை நனைச்சு டெக்கோட ஹெட்டைத் துடைச்சுட்டே சொன்னீங்க, "ஓட்டுப் போட்டது இன்டர்நெட் வச்சிருக்கிறவன். கொழிஞ்சாம்பாறைக்காரன் ஓட்டு எங்கே?"

மறுநாள் கல்லாப்பெட்டி பக்கத்துல ஒரு டப்பா, மூடியில கத்தியால கீறின ஓட்டை. ஒரு மாசம். கேசட் வாங்க வர்றவங்க, ரெக்கார்டிங் லிஸ்ட் கொடுக்க வர்றவங்க, பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாருக்கும் ஒரு சீட்டு.

உங்க பாட்டு எதுன்னு ஊருக்கே தெரியும். 1961, 'பாக்கியலட்சுமி', 'மாலைப்பொழுதின் மயக்கத்திலே'. கண்ணதாசன் வரி. நம்ம எலப்புள்ளியில பிறந்த எம்.எஸ்.வி. போட்ட மெட்டு, இதுக்கு மேல ஒருத்தன் பாட்டுப் போட முடியாதுன்னு நீங்க சொல்லும்போது நம்ம வீட்டு ஆளையே சொல்ற மாதிரி குரல் தழுதழுக்கும். அதுல பாதி மெட்டு திருச்சிக்காரர் ராமமூர்த்தியோடது, அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் இசையமைச்சாங்க, 65ல தான் பிரிஞ்சாங்கன்னு தமிழ் வாத்தியார் சொன்னா உங்களுக்குக் கோபம் வந்துடும்.

எதிர்க்கட்சி பாட்டு 'மாலையில் யாரோ'. 'சத்ரியன்', 1990. கிளப்பிவிட்டது அந்த லாரி டிரைவர் அண்ணன். என் பாட்டும் அதுதான், ஆனா என்னை யாரும் கேட்கலை.

இத்தனை வருஷம் கழிச்சு இப்போ பாட்டு டீச்சர்கிட்ட உட்கார்ந்து கத்துக்கும்போதுதான் தெரிஞ்சுக்கிட்டேன், நீங்க ஒரு மாசம் சண்டை போட்ட ரெண்டு பாட்டும் எவ்வளவு நெருக்கம்னு. உங்களுது சந்திரகவுன்ஸ் ராகம், என்னுது சுத்த தன்யாசி. ரெண்டுலயும் அஞ்சு சுரம்தான். ரெண்டுலயும் ரிஷபம், அதான் ரி, கிடையாது. ச-வுல இருந்து நேரா க-வுக்குத் தாண்டணும். டீச்சர் ஆர்மோனியத்துல காட்டினாங்க: ச, க, ம வரைக்கும் ரெண்டும் ஒரே வழி, அதுக்கப்புறம் பிரியுது. ரெண்டுலயும் பொழுது சாய்ஞ்சிருக்கு, ரெண்டுலயும் ஒரு பொண்ணு தனியா இருக்கா. ஒருத்தி தோழிகிட்டக் கனவைச் சொல்றா. இன்னொருத்திக்குச் சொல்ல ஆளே இல்லை. அந்த இடத்துலதான் என் ஓட்டு இந்தப் பக்கம் விழுது. இப்பவும்.

சரி, அந்த ராத்திரி.

சீட்டு எண்ணுற நாள். கடைக்குள்ள பத்துப் பதினஞ்சு பேர். நான் வழக்கம்போல பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள்ள, அரிசி மூட்டை மேல. பலகை இடுக்குல கண்ணை வச்சா உங்க கையும் டெக்கும் தெரியும். எண்ணுறதுக்கு முன்னாடி ரெண்டு பாட்டையும் ஒரு தடவை போடணும்னு சொன்னதே நீங்கதான். அதுக்காகவே ஒரு டிடிகே அறுபதுல பதிவு பண்ணியிருந்தீங்க, ஒரு பக்கம் அது, மறுபக்கம் இது. உங்க பாட்டு ஓடி முடிஞ்சுது. யாரும் பேசலை. கேசட்டைத் திருப்பிப் போட்டீங்க. ரெண்டாவது சரணம் ஆரம்பிக்கும்போது கரண்ட் போச்சு.

இருட்டுல ஒருத்தர் சிரிச்சார், ராஜாவோட ஃபியூஸ் போச்சுன்னு. அப்போ நீங்க, எதிர்க்கட்சி ஆளு, பலகையைத் தட்டி, "அம்மிணி, மிச்சத்தைப் பாடு"ன்னீங்க.

நான் பாடுவேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கிணத்தடியில பாடுறதை எந்நேரம் கேட்டீங்க? அதை இன்னைக்கு வரை கேட்டதில்லை.

பாடினேன். அரிசி மூட்டை மேல உட்கார்ந்தபடியே, கண்ணை மூடிக்கிட்டு. அந்தப் பாட்டைப் பாடினப்போ ஸ்வர்ணலதாவுக்கு 17 வயசு, எனக்கும் அன்னைக்கு 17. அதெல்லாம் அப்போ தெரியாது. அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம்கூட இல்லை, வெளியே காத்து மட்டும். சரணம் முடியறதுக்கு ஒரு வரி இருக்கும்போது கரண்ட் வந்துடுச்சு. டெக்கோட பட்டன் அழுத்தினபடியே இருந்ததால டேப் தானாக் கிளம்புச்சு. மோட்டார் வேகம் பிடிக்கிற வரைக்கும் அவங்க குரல் ஆம்பளைக் குரல் மாதிரி தடிச்சு, இழுத்து, அப்படியே ஏறி ஏறித் தன் சுருதிக்கு வந்துச்சு. நான் அரைக்கட்டை கம்மியாப் பாடிட்டு இருந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுது. நான் நிறுத்தப் போனேன். இடுக்கு வழியா உங்க விரல் தெரிஞ்சுது. நீங்க டேப்பை நிறுத்தினீங்க. அவங்களை நிறுத்தி, என்னை முடிக்க விட்டீங்க.

என் வாழ்க்கையில எனக்கு யாரும் இதைவிடப் பெரிய மரியாதை செய்ததில்லை அண்ணா. எழுதி வைக்கிறேன், எல்லாரும் படிக்கட்டும்.

அப்புறம் ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னார். யாருன்னு எழுதமாட்டேன், அவர் வீட்டுல இப்போ பேரப்பிள்ளைகள் இருக்காங்க. பாட்டைப் பத்தின வார்த்தை இல்லை அது. நீங்க அவரைப் பார்த்து ஒண்ணும் சொல்லலை. பலகைப் பக்கம் திரும்பி, "போதும், உள்ளே போ"ன்னு என்கிட்டச் சொன்னீங்க. மறுநாள் காலையில அந்த இடுக்குல பூராவும் சினிமா போஸ்டர் ஒட்டியிருந்துச்சு.

தங்கச்சி மேல அக்கறைன்னு சொல்வீங்க. அக்கறைதான், எனக்குத் தெரியும். ஸ்கூல் ஃபீஸ், மதியம் பரோட்டா, வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயமுத்தூர்ல இருந்து வாங்கிட்டு வந்த பாவாடைத் துணி, எல்லாம் அந்த டேப்புக் காசுதான். நான் மறக்கலை. ஆனா தப்புச் சொன்னவர் கடையிலேயே உட்கார்ந்திருந்தார். எழுந்து போனது நான்.

சீட்டு எண்ணின சத்தமும் கேட்டுச்சு. உங்க பாட்டுக்கு 31, எதிர்க்கட்சிக்கு 12. மலையாளப் பாட்டுக்கு ஏழு விழுந்துச்சு, அதுல நாலு 'பணி தீராத வீடு' படத்துச் 'சுப்ரபாதம்'. அதுவும் எம்.எஸ்.வி. மெட்டுதான், நம்ம கணக்குல சேருன்னு நீங்க வாதாடினதும், அது ஜெயச்சந்திரன் பாட்டுன்னு தபால் ஆபீஸ்காரர் ஒத்துக்காததும் கேட்டுச்சு. அப்புறம் ஒரு சீட்டைப் பிரிச்சு, "இது வீட்டு ஓட்டு, செல்லாது"ன்னீங்க. என் கையெழுத்து. பாக்கெட்டுல போட்டுக்கிட்டீங்கன்னு பின்னாடி டெய்லர் அண்ணன் சொன்னார். நான் சேர்ந்திருந்தாலும் 13தான். நீங்க தோத்திருக்க மாட்டீங்க. அப்புறம் எதுக்கு எடுத்தீங்க?

அந்தச் சீட்டுல நான் படம் பேரோ இசையமைப்பாளர் பேரோ எழுதலை. 'மாலையில் யாரோ, ஸ்வர்ணலதா'ன்னு எழுதியிருந்தேன். அதுதான் உங்க கண்ணை உறுத்துச்சோன்னு ரொம்ப நாள் நினைச்சிருக்கேன். அந்த ஒரு மாசமும் கடையில கேட்டதெல்லாம் எம்.எஸ்.வி.யா ராஜாவா, எம்.எஸ்.வி.யா ராஜாவா. 'மாலைப்பொழுதின்' சுசீலாம்மா பாடினதுன்னு ஒருத்தர்கூடச் சொல்லலை. விஜயநகரத்துல பிறந்து, நம்ம மொழியில மூச்சு எங்கே எடுக்கிறாங்கன்னே தெரியாம பாடினவங்க. அந்த மூச்சைக் கவனிக்க எனக்குக் காதுல ஹெட்போன் மாட்டிச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். அவங்க பேர் உங்க லேபிள்ல கிடையாது. 'ராக்கம்மா' நாலாவது வந்தப்போவும் அதைப் பாடினதுல பாதி நம்ம சித்தூர்க்காரி ஸ்வர்ணலதான்னு கடையில யாரும் டீ வாங்கிக் கொடுக்கலை. நாடே கொடுத்த தேசிய விருது அவங்க வீட்டுக்குப் போய் அப்போ எத்தனை வருஷம் ஆயிருந்துச்சு! 'கருத்தம்மா'வுக்கு.

இன்னொண்ணும் உங்களுக்குத் தெரியும், சொல்லமாட்டீங்க. அவங்களுக்குத் தமிழ்ல முதல் பாட்டைக் கொடுத்தது உங்க எம்.எஸ்.வி.தான். 1987, 'நீதிக்குத் தண்டனை', பாரதியோட 'சின்னஞ்சிறு கிளியே', யேசுதாஸ் கூட. 14 வயசுப் பொண்ணு. எலப்புள்ளிக்காரருக்கு அந்தக் குரலை எண்ணத் தெரிஞ்சிருந்துச்சு.

இப்போ என் பங்கு.

கேசட்டையெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டது நான்தான். கரையான் அரிச்சுதுன்னு அப்போ உங்களுக்கு எழுதினேன். கரையான் அடி வரிசையில மட்டும்தான் இருந்துச்சு. நீங்க ஷார்ஜா போய் ரெண்டு வருஷம், கடை வாடகை பாக்கி, அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, பணம் வருது வரலை. இதையெல்லாம் காரணமாச் சொல்லலாம், எல்லாம் நிஜமும்கூட. ஆனா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கலை. கேட்டா வேண்டாம்னு சொல்வீங்கன்னு தெரிஞ்சுதான் கேட்கலை. எட்டு சாக்கு.

இரும்புக்காரனுக்குப் பிளாஸ்டிக் மட்டும்தான் வேணும். டேப்பை உருவி வேலியோரம் போட்டுட்டுப் போயிட்டான். ஆடி மாசம், பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. ராத்திரிக்குள்ள டேப்பெல்லாம் வேலி முள்ளுல, முருங்கைமரத்துல, கரண்ட் கம்பியில. பழுப்பா, பளபளன்னு. காத்து அடிச்சா சரசரன்னு ஒரு சத்தம். எத்தனை பேர் குரல் அதுல இருந்துச்சுன்னு நினைச்சா சோறு இறங்கலை. ரெண்டு மாசம் கிடந்துச்சு. மழை வந்துதான் போச்சு. மன்னிச்சுடுங்க. அதை உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரலை.

நீங்களும் அதுக்கப்புறம் அம்மா காரியத்துக்கு வந்து, என்கிட்டப் பேசாம, பந்தியில உட்காராம போனீங்க. அது கேசட்டுக்காகவா மத்ததுக்காகவான்னு இன்னும் தெரியாது. மத்ததைப் பத்தி எழுதமாட்டேன்னு சொல்லிட்டேன். ஆனா அம்மா கடைசி மாசம் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. இது தோப்பு விஷயம் இல்லை, அதனால எழுதுறேன்.

2010ல ஸ்வர்ணலதா போன அன்னைக்கு, 37 வயசு, டிவியில ஓடிட்டு இருக்கும்போது உங்க நம்பர்ல இருந்து மிஸ்டு கால் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு. நான் திருப்பிக் கூப்பிடலை. உங்க எம்.எஸ்.வி. 2015ல போனப்போ நான் உங்களுக்கு ஒண்ணு கொடுத்தேன். நீங்களும் கூப்பிடலை. சரிக்குச் சரி.

நாளைக்கு மூணு பாட்டு. முதல்ல 'சின்னஞ்சிறு கிளியே', அப்புறம் 'போறாளே பொன்னுத்தாயி', கடைசியா 'மாலையில் யாரோ'. சுசீலாம்மா பாட்டைப் பாடச் சொல்லி வாத்தியார் கேட்டார், நாளைக்கு அது வேண்டாம்னுட்டேன். அது உங்களுக்குப் பிடிச்ச பாட்டு, நீங்க இல்லாம நான் பாடமாட்டேன். ஆறரைக்கு ஆரம்பம். ஜெனரேட்டர் ஏற்பாடு பண்ணியிருக்காங்க.

எட்டு சாக்குல ஒரே ஒரு கேசட்டை மட்டும் எடுத்து வச்சேன். அந்த டிடிகே அறுபது. லேபிள்ல உங்க எழுத்து, பச்சை மை, 'எம்.எஸ்.வி. 1961'ன்னு ஒரு பக்கம், 'ராஜா 1990'ன்னு மறுபக்கம். கீழே பென்சில்ல பாடின ரெண்டு பேரோட பேரையும் நான் எழுதியிருக்கேன். ஓடவிட்டுப் பார்க்க என்கிட்ட டெக் இல்லை. உங்க டபுள் டெக் அண்ணி வீட்டுப் பரண்ல இருக்குன்னு கேள்விப்பட்டேன். வர்றதா இருந்தா அதை எடுத்துட்டு வாங்க. பாக்கெட்டுல போட்ட சீட்டு இன்னும் இருந்தா, அதையும்.

உங்க
அம்மிணி