சுவர் கூரையைத் தொடாத வீடு

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் கொஞ்சம் கூடுதல். மற்றபடி சௌக்கியம்.

பாட்டி சின்ன வயதில் எப்படிப்பட்ட தெருவில் இருந்தாள் என்று குட்டியைப் பள்ளிக்கூடத்தில் எழுதிவரச் சொன்னதாகச் சொன்னாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் அவன் பாதியில் ஓடிவிடுகிறான், நீயும் டூட்டிக்குக் கிளம்பிவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். வேண்டாததை வெட்டிவிட்டு அவனுக்கு அந்த ஊர்ப் பாஷையில் சொல்லிக்கொடு.

நீ இங்கிலாந்தில், கார்ன்வாலின் ரெட்ரூத்தில் வாடகைக்குப் பிடித்திருக்கும் வீட்டின் போட்டோவை அப்பா பெரிதாக்கிக் காட்டினார். கருங்கல் சுவர், ஒரே கூரைக்கடியில் வரிசையாக வீடுகள், வாசல் இறங்கினால் நேரே தெரு. அந்தக் காலத்தில் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்காகக் கட்டியது என்று வீட்டுக்கார அம்மா சொன்னார்களாமே. எனக்கு ஆச்சரியமே இல்லை. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி நம் கோலார் தங்கவயலில் ஆழமாகத் தோண்ட ஆரம்பித்தபோது, மேற்பார்வை பார்க்க உன் கார்ன்வால் பக்கத்திலிருந்துதான் ஆட்களைக் கூட்டிவந்தார்கள். அங்கே செம்பும் தகரமும் படுத்துப்போய், ஊர் ஊராகப் பிழைக்கப் போனவர்கள். அவர்களுக்கு இங்கே தோட்டம் வைத்த பங்களா. கல் உடைக்க வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர் பக்கமிருந்தும் வந்த நம் ஆட்களுக்கு லைன், அதாவது ஒட்டிக்கட்டிய ஒற்றை அறை வரிசை வீடுகள்.

நீ பிறக்கும்போது நாங்கள் ராபர்ட்சன்பேட்டைக்கு வந்துவிட்டோம். லைனை நீ திருவிழாவுக்குப் போய்வந்த இடமாகத்தான் பார்த்திருக்கிறாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் ஆயா, அதாவது என் பாட்டி காலத்தில் சுவர் என்பதே மூங்கில் தட்டிதான், மேலே மண் பூச்சு. என் காலத்தில் கல்லும் மண்ணும் வைத்த சுவர், மேலே தகரம். ஒரே அறை. அதில் ஒரு மூலை அடுப்பு, ஒரு மூலை என் அப்பா நைனாவின் டிரங்குப் பெட்டி, மிச்ச இடத்தில் நாங்கள் ஆறு பேர். வாசலில் சின்னத் திண்ணை. வெயில் காலத்தில் தகரம் காயும், மழைக் காலத்தில் பேச்சே கேட்காது.

குட்டி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது நடுச்சுவரைத்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருந்த அந்தச் சுவர் தகரம் வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிடும். மேலே இடைவெளி. லைனின் இந்தக் கோடியில் தாளித்தால் அந்தக் கோடியில் தும்முவார்கள். யார் வீட்டில் இன்றைக்குக் களி, யார் வீட்டில் கறி என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. "அக்கா, தீப்பெட்டி" என்று எங்கம்மா குரல் கொடுத்தால் சுவருக்கு மேலே தீப்பெட்டி பறந்து வரும். உப்பு, வெங்காயம் எல்லாம் அப்படித்தான் போய்வரும். முட்டை மட்டும் வாசல் வழியாக வரும்.

நைனா ராத்திரி ஷிப்டு இல்லாத நாளில் என்னை உட்காரவைத்து வாய்ப்பாடு கேட்பார். ஒருநாள் "பதிமூணேழு?" என்றார். நான் முழிக்கிறேன். சுவருக்கு மேலேயிருந்து மெதுவாக "தொண்ணூத்தொண்ணு" என்று வந்தது. பக்கத்து வீட்டு அத்தையின் பெரிய பையன், என் வகுப்புதான். நைனா தலையைக்கூடத் திருப்பவில்லை. "சரிடா, பதிமூணெட்டு நீ சொல்லு" என்றார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவன் அம்மா சிரித்த சத்தம் மட்டும் கேட்டது.

பெங்களூருக்கு முன்னாலேயே, 1902-இல், சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது என்று எல்லாரும் பெருமை பேசுவோம். உண்மைதான். ஆனால் அந்த மின்சாரம் வந்தது மைன்ஸுக்கு. அந்த வாய்ப்பாட்டை நான் படித்தது சிம்னி விளக்கில்.

உன் பெரிய மாமா வாட்ஸ்அப்பில் அடிக்கடி எழுதுகிறார், "லைனில் எல்லாரும் ஒரே குடும்பமாக இருந்தோம், அந்தக் காலம் வருமா" என்று. பத்துப் பேர் கைகூப்பி பொம்மை போடுகிறார்கள். அவர் ஆம்பளை. குழாயடியில் நின்றவர் இல்லை. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீர் எங்களுக்கு, லைனுக்கு ஒரு குழாய். வரிசையில் குடம் வைக்க முடியாதவர்கள் உடைந்த செங்கல்லையோ ஓட்டைச் சட்டியையோ வைத்து இடம் பிடிப்பார்கள். செங்கல் நகர்ந்துவிட்டதென்று நடந்த சண்டையில் மண்டை உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். அம்மாவும் அந்தப் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரு குடத்துக்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்கள். அப்போதும் தீப்பெட்டி மட்டும் போய்வந்தது, "அக்கா" இல்லாமல்.

பொதுக் கக்கூஸைப் பற்றியும் அவர் எழுதமாட்டார். பெண்கள் விடிவதற்கு முன்னால் துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவோம். எனக்கு வயதுக்கு வந்த பிறகு லைனை விட்டுப் போய்விட வேண்டும் என்று தோன்றியதற்கு அது ஒன்றே போதும். இதைக் குட்டிக்குச் சொல்வாயோ மாட்டாயோ, நீ தெரிந்துகொள்.

ஆனால் மாமா சொல்வதையும் முழுப் பொய் என்று தள்ள முடியவில்லை. ஏர் பிளாஸ்ட் பற்றிச் சொன்னால் உனக்குப் புரியும்.

சாம்பியன் ரீஃப் மைன்ஸ் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அவ்வளவு ஆழத்தில் மேலே இருக்கும் மலைப்பாரம் முழுக்கப் பாறைமேல் அழுந்தும். கல்லை எடுத்துவிட்ட காலி இடத்தைச் சுற்றியிருக்கும் பாறை அந்தப் பாரம் தாங்காமல் திடீரென்று வெடித்துச் சிதறும். அதைத்தான் நாங்கள் ஏர் பிளாஸ்ட் என்போம். கீழே வெடித்தால் மேலே லைன் ஆடும். சின்னதாக ஆடினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள், சாதத்தை வடித்துக்கொண்டே இருப்பார்கள். பரணில் இருக்கும் பாத்திரம் கீழே விழுந்தால்தான் எழுந்திருப்பார்கள்.

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஒரு ராத்திரி எங்கள் பித்தளை அண்டா விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் ஏதோ உருண்டது. ஒரு நிமிஷம் லைன் முழுக்க மூச்சுப் பேச்சில்லை. அப்புறம் எல்லாக் கதவும் திறந்தன. வெளியே வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஷாஃப்ட்?" ஷாஃப்ட் என்றால் ஆட்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் குழி. நைனா அன்றைக்கு வீட்டில் இருந்தார். அத்தையின் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்டு. அத்தை செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஷாஃப்ட் கேட்டுக்கு வெளியே பெண்கள் கூட்டம். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே வரும்போதெல்லாம் முகத்தைத் தேடுவார்கள். உள்ளே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, நம்பர்தான். அதனால் ஒவ்வொருத்தியும் தன் புருஷன் நம்பரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பனி. ஒரு குடத்துக்காகப் பேசாமல் இருந்த இரண்டு பேரும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

அத்தையின் வீட்டுக்காரர் விடிகிற நேரத்துக்கு வந்தார். உடம்பெல்லாம் கல் தூசி, கண் மட்டும் தெரிந்தது. அத்தை அழவில்லை. "சோத்து டப்பா எங்கே?" என்று கத்தினாள். கீழேயே விட்டுவிட்டு வந்துவிட்டாராம். வீடு வரைக்கும் அந்த டப்பாவுக்காகவே திட்டிக்கொண்டு வந்தாள். அடுத்த லைனில் இரண்டு வீட்டுக்காரர்கள் வரவில்லை. அன்றைக்கு எங்கள் லைனில் யாரும் அடுப்பு மூட்டவில்லை. மறுநாள் இரண்டு லைனுக்கும் சேர்த்து எங்கள் திண்ணைகளில் பொங்கினார்கள். கூப்பிட்டு யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவளைப் பிடித்திருக்கிறதா என்பது எங்களுக்கு ஒரு விஷயமே இல்லை, பாப்பா. அண்டா உருளும் ராத்திரிக்கு அவள் வேண்டும். அவளுக்கு நாம் வேண்டும். உன் பெரிய மாமா அதற்குக் குடும்பம் என்று பெயர் வைக்கிறார். நான் அப்படிச் சொல்லமாட்டேன். குடும்பத்தில் இவ்வளவு கணக்கு சரியாக இருக்காது.

நைனாவை ஏர் பிளாஸ்ட் ஒன்றும் செய்யவில்லை. தூசிதான் செய்தது. கல்லைத் துளைக்கும்போது பறக்கும் மாவு நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டு நுரையீரலை இறுக்கிவிடும். டாக்டர்கள் சிலிகோசிஸ் என்பார்கள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வருஷங்களில் படுத்தால் மூச்சு முட்டும் என்று டிரங்குப் பெட்டியில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கினார். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு இருமல், அந்தப் பக்கம் ஒரு இருமல். தூக்கத்தில்கூட எது எங்கள் வீட்டு இருமல் என்று எனக்குத் தெரியும்.

குட்டி போனில் கேட்டானே, தாத்தாவுக்குத் தாத்தா தங்கம் கொண்டுவந்தாரா என்று. சிரித்துவிட்டேன். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அப்படியே திருடினாலும் கிடைப்பது வெறும் கல். ஒரு டன் கல்லை அரைத்து சயனைடில் ஊறவைத்தால் சில கிராம் தங்கம் வரும், அதுவும் நம் காலத்தில் குறைந்துகொண்டே போனது. சுமார் 120 வருஷத்தில் இந்த ஊரிலிருந்து 800 டன் தங்கம் போயிருக்கிறது. எங்கம்மா காதில் இருந்தது கில்ட் தோடு. அசல் தோடு ராபர்ட்சன்பேட்டை அடகுக் கடையில் இருக்கும், போனஸ் வந்தால் வீட்டுக்கு வரும், மறுபடி போகும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் மாதம் லைன் முழுக்க மூங்கில் குச்சியில் ஸ்டார் கட்டித் தொங்கவிடுவோம். கோயிலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு என்ற வித்தியாசம் ஸ்டாருக்குக் கிடையாது. எங்கள் ஆயா வீட்டார் இரண்டும் இல்லை, பௌத்தம். அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலேயே மாரிகுப்பத்தில் சங்கம் வைத்தவர்கள் பக்கம். ஆயாவின் தம்பி சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகையைச் சத்தமாகப் படிப்பார், எழுதப் படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். நடுவில் நிறுத்தி அர்த்தம் கேட்டுச் சண்டை போடுவார்கள். நான் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதுகிறேன் என்றால் அது அந்தத் திண்ணையில் கிடைத்த வரவு. வகுப்பில் கற்றது குறைவுதான். அம்பேத்கர் 1954-இல் இங்கே வந்தபோது தூரத்திலிருந்து பார்த்ததையும் ஆயாவின் தம்பி ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் தூரம் கொஞ்சம் குறையும்.

மிச்சக் கதை உனக்கே தெரியும். 2001 பிப்ரவரி 28-இல் மைன்ஸ் மூடினார்கள். அதற்கப்புறம் அப்பா விடியாத முன்னே மாரிகுப்பம் ரயிலைப் பிடித்து பெங்களூரு போய், ராத்திரி வந்ததை நீ பார்த்திருக்கிறாய். இன்றைக்கும் பாதி ஊர் அந்த ரயிலில்தான் பிழைக்கிறது. மைன்ஸ் சங்குச் சத்தம் நின்றதுதான் எனக்கு ரொம்ப நாள் பழகவில்லை. மணி பார்க்காமல் சங்கு கேட்டே உலை வைத்துப் பழகினவள் நான்.

உங்கள் பக்கம் சவுத் கிராஃப்டி என்று ஒரு சுரங்கம் 1998-இல் மூடினார்கள் என்று அப்பா படித்துச் சொன்னார். 2006-இல் அந்தப் பழைய இன்ஜின் வீடுகளையும் புகைபோக்கிகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்களாம். அங்கே டிக்கெட் வாங்கிக் காட்டுகிறார்கள். இங்கே தங்கம் எடுத்துவிட்டுக் கொட்டிய கழிவு மண், நாங்கள் சயனைடு டம்பு என்போம், மலை மலையாகக் கிடக்கிறது. காற்றடிக்கிற நாளில் லைன் பக்கம் துணி காயப்போட முடியாது, வெள்ளையாகப் படிந்துவிடும். சினிமாக்காரர்களுக்கு மட்டும் அது ரொம்ப அழகு. எனக்கு இதில் கோபம்தான். ஒரே காலத்தில், ஒரே கைகள் வரைந்த இரண்டு ஊர்.

பழைய வீட்டில் இப்போது யாரோ ஒரு சின்னக் குடும்பம் இருக்கிறது. நடுச்சுவரை ஹாலோ பிளாக் வைத்துத் தகரம் வரைக்கும் உயர்த்திவிட்டார்களாம். நல்லதுதான், நானாக இருந்தால் முதல் மாதச் சம்பளத்திலேயே உயர்த்தியிருப்பேன். அத்தையின் பையன், பதிமூணேழு சொன்னவன், இன்னும் அடுத்த வீட்டில்தான் இருக்கிறான். ரிட்டயர் ஆகிவிட்டான், காது மந்தம். குட்டிக்கு நேரில் காட்ட வேண்டும் என்றால் அவனிடம் சொல்லிவைக்கிறேன், அங்கே போய் வீடியோ கால் போடலாம். உனக்கு எந்தக் கிழமை லீவு என்று மட்டும் முன்னாலேயே சொல். இங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தப் பக்கம் சிக்னல் கிடைக்காது, அதனால் உங்களுக்குக் காலையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொள். குட்டி கேட்கப் போவதை ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

பொடி பார்சல் கிடைத்ததா? கொள்ளுப்பொடி புது டப்பாவில் இருக்கிறது, முதலில் அதைத் திற.

அன்புடன்,
அம்மா