மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை 2023

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகள் குறையின்றி நடந்தன. தமிழ்ப்பள்ளித் திடலில் பொங்கல் வைத்தோம். எஸ்.பி.எம். எனும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு எழுதும் மாணவர்களுக்கு வழிகாட்டிப் பட்டறை நடந்தது. தீபாவளிக்குத் தனித்து வாழும் முதியோருக்கு அரிசியும் எண்ணெயும் கொண்டுசேர்த்தோம். நூலகக் கூரையைப் பழுதுபார்த்தாயிற்று. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இவ்வாண்டின் முத்தமிழ் மாலை கலை நிகழ்ச்சியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். பிப்ரவரி 10 அன்று, பி. கே. ரோசியின் 120-ஆவது பிறந்தநாளை ஒட்டி, கூகுள் தன் முகப்பில் அவருடைய ஓவியத்தை இட்டது. அதைக் கண்ட மகளிர் பகுதியினர், இந்த ஆண்டு நிகழ்ச்சியை அந்த மௌனப்பட நடிகைக்கே அர்ப்பணிக்கலாம் என்றார்கள். தமிழ் நடிகை டி. பி. ராஜலட்சுமி இருக்க மலையாளப் படத்தில் நடித்தவர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ராஜலட்சுமியும் மௌனப் படங்களில் நடித்தவர்தான். 1931-இல் 'காளிதாஸ்' படத்தில் பேசினார், பாடினார். 1936-இல் 'மிஸ் கமலா'வை இயக்கினார். சினிமா ராணி என்று அவரைத் தமிழ்நாடே கொண்டாடியது. ரோசிக்கோ ஊரை விட்டு ஓடும் நிலை வந்தது. அதனால்தான் இம்முறை மாலை அவருக்குச் சேர வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ரோசி திருவனந்தபுரத்தில் புலையர் குடும்பத்தில் பிறந்தவர்; புல் அறுத்துப் பிழைத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து ஆடப்படும் காக்காரிசி நாடகத்தில் தேர்ந்தவர். அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்று 'விகதகுமாரன்' என்ற முதல் மலையாளப் படத்தை எடுத்தபோது, சரோஜினி என்ற நாயர் பெண்ணாக ரோசியை நடிக்க வைத்தார். படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் திரையிடப்பட்டது. தாழ்த்தப்பட்ட பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று ஆதிக்கச் சாதியினர் கொதித்தெழுந்து திரையின் மீது கல்லெறிந்தார்கள். தாம் நடித்த படத்தைப் பார்க்கக்கூட ரோசியை உள்ளே விடவில்லை. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் தப்பி நாகர்கோவில் பக்கம் சென்றார். லாரி ஓட்டுநர் கேசவ பிள்ளையை மணந்து, ராஜம்மாள் என்ற பெயரில் எஞ்சிய வாழ்வைக் கழித்தார். அதன்பின் அவர் திரையில் தோன்றவேயில்லை.

படச்சுருள் எதுவும் இன்று மிஞ்சவில்லை. ஆகவே திரையிட எங்களிடம் படம் இல்லை. கதை மட்டும் இருந்தது. அந்தக் கதை நம் மக்களுக்கு நெருக்கமானது. திருவிதாங்கூர்ச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளை இலங்கைக்குக் கடத்தப்பட்டு, ஒரு தோட்டத்தில் கூலியாக வளர்ந்து, பின் அங்கேயே மேலதிகாரியாக உயர்கிறான். பள்ளி மாணவர்கள் காட்சி காட்சியாகப் படம் வரைந்தார்கள். மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார் அல்லவா, அதுபோல ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நின்று கதையைச் சொன்னார். மிருதங்கமும் ஆர்மோனியமும் துணை. இலங்கைத் தோட்டத்தை வரையச் சொன்னதும் பிள்ளைகள் வரிசை வரிசையாகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்களை வரைந்துவிட்டார்கள், குலைகளும் தள்ளுவண்டியும் உட்பட. அவர்கள் கண்ட தோட்டம் அதுதான். மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கலந்துரையாடலில், நெடுங்காலம் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்த, அம்மையார் ஒருவர் எழுந்தார். சிறுமியாக இருந்தபோது, தண்ணீர்க் குழாயடியில் தம் குடத்தை மட்டும் தள்ளி வைக்கச் சொன்னதையும், மேட்டு லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) திண்ணையில் தம் தாயார் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதையும் கூறினார். மண்டபத்தில் பலர் தலைகுனிந்தார்கள். கலை நிகழ்ச்சியில் சாதிப் பேச்சு தேவையா என்று மறுநாள் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். தேவை என்பதே செயலாளர் என்ற முறையில் என் பதில். கல்லெறிந்தவர்கள் எதற்காக எறிந்தார்கள் என்பதை விட்டுவிட்டு ரோசியின் கதையைச் சொல்ல முடியாது.

ரோசியுடையது என்று சொல்லப்படும் புகைப்படம்கூட ஒன்றே ஒன்றுதான்; அதுவும் அவர்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நம் தோட்டத்து மேடைகளுக்கும் இந்த நிலை வந்துகொண்டிருக்கிறது. கோயில் திருவிழா நாடகங்களில் பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலத்தில், துணிந்து மேடையேறிய பெண்கள் இந்த வட்டாரத்திலும் இருந்தார்கள். வீட்டில் அடிவாங்கி ஆடியவர்களும் உண்டு. அவர்களின் பெயரைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள். தோட்டங்கள் கைமாறியபோதும் லயங்கள் இடிக்கப்பட்டபோதும் படங்கள் பலவும் குப்பையோடு போய்விட்டன.

எனவே அடுத்த தவணைக்கு ஒரு பரிந்துரையை முன்வைக்கிறேன். அந்தப் பெண்களின் பெயர், தோட்டம், நடித்த வேடம், கிடைத்தால் ஒரு படம் ஆகியவற்றைத் திரட்டி நம் நூலகத்தில் ஆவணமாக வைக்க வேண்டும். பழைய படங்கள் வைத்திருப்போர் சனிக்கிழமைகளில் நூலகத்திற்குக் கொண்டுவந்தால், அங்கேயே நகலெடுத்து மூலத்தைக் கையோடு தந்துவிடுவோம். வர இயலாத மூத்தவர்களின் வீடு தேடிச் சென்று பேச்சைப் பதிவுசெய்ய இளைஞர் பகுதியினர் முன்வந்துள்ளனர்.

இவ்வறிக்கையையும் பரிந்துரையையும் ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்கூட்டத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இக்கண்,
செயலாளர்