பன்னீரைப் பெற்ற கொடி

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
அக்டோபர்.

அன்பு மாப்ள குமார்,

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். ஆனால் பன்னீர் திராட்சைக் கொடியைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது வைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதுதான் இரண்டு நாளாக மனசைப் போட்டு உறுத்துகிறது.

போன சனிக்கிழமை இங்கே நெக்கார் ஆற்றுச் சரிவில் ஒரு தோட்டத்துக்குத் திராட்சை வெட்டப் போனேன். நம்ம ஊர் மாதிரிப் பந்தல் கிடையாது. சாந்து பூசாமல் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக மேலே ஏறுகிற தோட்டம். அந்தச் சுவர் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியில் கொடிக்குச் சூடு கொடுக்குமாம். பொழுது இறங்கியபின் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுவென்று இருந்தது.

ரகத்தின் பெயர் ட்ரோலிங்கர். பெரிய குலை, உருண்டையான கறுப்புப் பழம். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டதும் நம்ம பழம் ஞாபகம் வந்தது. வாசம் மட்டும் இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால், மாப்ள, இதுதான் நம்ம பன்னீரைப் பெற்ற கொடி! பன்னீரின் வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1850 வாக்கில் இங்கிலாந்தில் ஸ்னோ என்ற தோட்டக்காரர் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்தெடுத்தது. ட்ரோலிங்கர் ஒரு பக்கம், மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா மறுபக்கம். மரபணுச் சோதனையும் அதையே சொல்கிறது. வாசம் அந்த மஸ்கட் கொடுத்த சீர். சீனாவில் இதே பழத்துக்கு 'ரோஜா மணம்' என்று பெயராம். நாம் பன்னீர் என்கிறோம், பார்த்தாயா!

லண்டன் பக்கம் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட ட்ரோலிங்கர் கொடி இன்றைக்கும் காய்க்கிறது. இங்கே அதை வெளிர்சிவப்பு ஒயினாக்கி, கைப்பிடி வைத்த கால் லிட்டர் கிளாசில் ஊற்றிக் குடிக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரே அறுப்பு. குளிர்காலம் முழுக்கக் கொடி தூங்கும். நம்ம கம்பம் ஊரில் கிளையை வெட்டிக் கவாத்து பண்ணினால் நாலு மாதத்தில் பழம், இரண்டு வருஷத்தில் ஐந்து அறுப்பு என்று சொன்னேன். தோட்டத்துப் பெரியவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கேட்டார்.

2023இல் நம்ம பன்னீருக்குப் புவிசார் குறியீடு கிடைத்தும் விலை கட்டவில்லை என்கிற உன் வருத்தம் எனக்குப் புரிகிறது. மருந்துச் செலவு, கூலி எல்லாம் நீதான் சுமக்கிறாய். மேற்கு வயலை மாற்று, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கிணற்றடியில் தாத்தா வைத்த வரிசையை மட்டும் தொடாதே. கவாத்து பண்ணுகிற தேதியை எழுது. பழம் கனிகிற நேரம் பார்த்து டிக்கெட் போடுகிறேன்.

உன்,
செல்வம்