ஓட்டுக் கட்டடத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஓட்டுக் கட்டடத் திருப்பணி முடிந்துவிட்டது. 2025 ஜூன் 2 அன்று பள்ளி திறந்தபோது பிள்ளைகள் புதுத் தரையில் உட்கார்ந்தார்கள். வரவும் செலவும், நடந்ததும் தவறியதும் உங்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன.

‘திருப்பணி’ கோயிலுக்கு உரிய சொல், பள்ளிக்கூடத்துக்குப் ‘பழுதுபார்ப்பு’ போதும் என்று முதல் கூட்டத்தில் ஒரு பெரியவர் ஆட்சேபித்தார். நாங்கள் சொல்லை மாற்றவில்லை. பழுதுபார்ப்பு என்று கேட்டால் நம் ஊரில் ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டுவார்கள். திருப்பணி என்றால் ஐயாயிரம் என்று எழுதிக்கொள்ளச் சொல்வார்கள்.

கோயிலுக்காவது பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று ஒரு கணக்கு உண்டு. இந்தக் கட்டடத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கூரையில் பாதியைக் கொண்டுபோனது. அன்று கட்டிய தார்ப்பாய்தான் ஒவ்வொரு ஐப்பசிக்கும் புதிது மாற்றிக் கட்டப்பட்டு வந்தது. மழைக்காலத்தில் இரண்டு அறைப் பிள்ளைகளும் ஒரே அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. அதை மறைக்க வேண்டாம். வெளியூரில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் பலர் சாலையோரம் ஒரு வளைவும் வண்ணம் பூசிய சுற்றுச்சுவரும் வேண்டும் என்றார்கள். வளைவின் முழுச் செலவையும் ஏற்பதாக ஒருவர் முன்வந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வி உரிமைச் சட்டப்படி நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தத் தாய்மார்கள் கேட்டது தரை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று குழுக் குழுவாகத் தரையில் அமர்ந்துதான் அட்டைகளைப் பரப்பிப் படிக்கிறார்கள். பழைய சிமென்ட் பெயர்ந்து, குழி விழுந்து, மாலையில் வீடு திரும்பும் பிள்ளையின் பாவாடை முழுக்க மண். “வளைவுக்கு அடியில் ஒரு நிமிஷம் நடக்கும் பிள்ளை, தரையில் நாள் முழுக்க உட்காருகிறது” என்று ஒரு தாய் சொன்னதும் பேச்சு முடிந்தது. வளைவுக்குப் பணம் தருவதாகச் சொன்னவர் விலகிக்கொண்டார். அவரை இன்னும் ஒரு முறை நேரில் பார்த்துப் பேசியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கட்டடம் ஒன்றியத்தின் சொத்து. ஓர் ஓட்டைக் கழற்றவும் நமக்கு அதிகாரம் இல்லை. குழுத் தீர்மானம், ஒன்றியப் பொறியாளரின் பார்வை, சுவர் உறுதியாக இருப்பதாக அவர் தந்த கடிதம் என்று தையும் மாசியும் கழிந்தன.

காலம்தான் பெரிய கவலை. மே மாத விடுமுறையை மட்டும் நம்பித் திட்டம் போட்டிருந்தோம். இந்த ஆண்டு வெயில் காரணமாக ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆண்டு இறுதித் தேர்வை முன்னுக்குத் தள்ளி, ஏப்ரல் 7இல் தொடங்கி 17இல் முடிக்குமாறு அரசு மாற்றியது. எதிர்பாராமல் கையில் கிடைத்த நாள்கள் அவை. 21ஆம் தேதி திங்கட்கிழமை கடப்பாரை விழுந்தது.

அதற்குள் ஆண்டு முடிவின் எல்லா வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மதிப்பெண் பதிவு, தேர்ச்சிப் பட்டியல், ஐந்தாம் வகுப்பு முடித்த 11 பேரை ஆறாம் வகுப்புக்கு அனுப்பும் ஏற்பாடு, புதுச் சேர்க்கைக்காக வீடு வீடாக நடப்பது, வந்து இறங்கப்போகும் பாடநூல் கட்டுகளுக்கு ஈரமில்லாத இடம் தேடுவது. இது ஈராசிரியர் பள்ளி. இவ்வளவையும் இரண்டு பேர் செய்தார்கள்.

அந்த 11 பேருக்கும் திருப்பணியில் பங்கு உண்டு. பரப்பளவு பாடத்தை ஆசிரியை புத்தகத்தில் நடத்தாமல் அளவு நாடாவைக் கொடுத்து அறையை அளக்கச் சொன்னார். பிள்ளைகளின் விடை கொத்தனாரின் அளவைவிடக் குறைவாக வந்தது. அவர் சுவர்க் கனத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார். மறுபடி அளந்தோம், பிள்ளைகள் சொன்னதே சரி. தரைக்கூலி அந்த அளவுக்குக் குறைந்தது. கொத்தனாரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

கோயில் வேலை தொடங்குமுன் மூலவரைப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதியில் எழுந்தருளச் செய்வார்கள். நம் மூலவர்கள் இரும்பு பீரோவில் இருந்த சேர்க்கைப் பதிவேடுகள். அவற்றைத் துணியில் சுற்றி மாரியம்மன் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். அன்று மாலை மண்டபத்தில் திருவிழாக் கூட்டம். எழுபதைத் தாண்டியவர்கள் எல்லாம் தத்தம் பெயரைத் தேடினார்கள். பலருக்கு மே, ஜூன் மாதங்களிலேயே பிறந்த நாள். கையைத் தலைக்கு மேலே வளைத்து மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்டு, வாத்தியார் வைத்த தேதிகள் அவை. கார்த்திகை மழையில் பிறந்ததாகத் தாய் சொல்லி வளர்த்த ஒருவருக்கு, ஏட்டில் கொளுத்தும் மே மாதம். பென்ஷன் அந்தத் தேதிப்படிதான் கிடைத்தது என்று அவர் வருத்தப்படாமல் சொன்னார்.

மண்டபம் போதாது, சாமான்களுக்கும் சிமென்ட் மூட்டைக்கும் பள்ளி வளாகத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் அன்போடு கேட்டார். பிள்ளைகள் திரும்பி வந்த பிறகும் நிழலுக்கு இருக்கட்டும் என்றார். மறுத்துவிட்டோம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்துக் கீற்றில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ஒரு கீற்றும் வேண்டாம் என்பதில் குழுவில் இரண்டு கருத்து இல்லை. தகரம் போட்டோம். கேட்டவர் மனம் நோகாமல் தகரத்தை அவரே வாங்கித் தந்தார்.

கத்திரி மே 4இல் பிறந்தது. அதன் பிறகு காலை 6 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கெல்லாம் ஆட்களை இறக்கிவிட்டோம். கூரையைத் தாங்கும் பனங்கைகளில் பெரும்பாலானவை கல்லாக இருந்தன; கரையான் தின்றவற்றை மட்டும் மாற்றினோம். சிக்கல் ஓட்டில் வந்தது. நம் கூரையில் இருந்தவை பழைய சீமை ஓடுகள். புது ஓடு பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் பழையதோடு பல் பொருந்தாது. ஒன்றிரண்டு இடையில் செருகினால் அந்த இடத்திலேயே ஒழுகும். மாதிரிக்கு ஓட்டைக் கொடுத்தும், ஒரு வியாபாரி வேறு அளவு அனுப்பிப் பத்து நாளைத் தின்றார். கடைசியில் தேறிய பழைய ஓடுகளை எல்லாம் கிழக்குச் சரிவுக்குக் கொண்டுவந்து, மேற்குச் சரிவை முழுக்கப் புது ஓட்டால் வேய்ந்தோம். கட்டடம் இரண்டு நிறமாகத் தெரிவது அதனால்தான். விசாரித்தவர்கள் அனைவருக்கும் இதுவே பதில்.

தரைக்குச் சிவப்புக் காவி கலந்த சிமென்ட். நனைத்துக் காக்க ஆள் வைக்கவில்லை. பக்கத்துத் தெருப் பெண்கள் முறை வைத்துக் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினார்கள். சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதும் தாழ்ந்த கரும்பலகைக்குப் புதுப் பூச்சுப் பூசினோம். ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசலாம் என்று பழைய மாணவர் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். ஒரு மூலையில் அதையும் அனுமதித்தோம். கடைப் பூச்சைவிட அந்த மூலையில் எழுத்து நன்றாக விழுகிறது என்பதைப் பதிவு செய்கிறோம்.

ஒரு தவறு எங்களுடையது. காலை உணவுக்கு வரும் பிள்ளைகள் வரிசையாகக் கைகழுவ ஐந்து குழாய் வைத்தோம். உயரத்தை முடிவு செய்தவர்கள் குழுவில் இருந்த ஆண்கள், எல்லோரும் வளர்ந்தவர்கள். திறப்பு நாளன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குழாய் எட்டவில்லை. அக்காமார்கள் தூக்கிப் பிடித்துக் கழுவிவிட்டார்கள். அந்த வாரமே அடியில் படி கட்டினோம். அந்தச் செலவு திட்டத்தில் இல்லாதது.

கணக்கு: மொத்த வரவு ரூ.3,42,500. மொத்தச் செலவு ரூ.3,38,760. கையிருப்பு ரூ.3,740. ஓடும் மரமும்தான் பெரிய செலவு. ரசீதுகளின் நகல் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே தொங்குகிறது. யாரும் புரட்டிப் பார்க்கலாம். கல்வெட்டு ஏன் இல்லை என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். உபயதாரர் பெயர்கள் முழுமையாகக் கணக்குப் புத்தகத்தில் உள்ளன. கல் வெட்டும் காசுக்குப் படி கட்டியாகிவிட்டது.

கும்பாபிஷேகத்துக்குப் பின் ஒரு மண்டலம் என்பது போல, பள்ளி திறந்து 48ஆம் நாளான ஜூலை 19 சனிக்கிழமை ஏணி வைத்துக் கூரையைப் பார்த்தோம். மேற்குச் சரிவு நன்றாக இருக்கிறது. கிழக்கில் முகட்டோட்டுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரத்தடம். கொத்தனாரின் கடைசித் தவணையைச் செலவில் எழுதிவிட்டோம். பணத்தை இன்னும் அவர் கையில் கொடுக்கவில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முகட்டைப் பிரித்துப் பூச வருவதாகச் சொல்லியிருக்கிறார். கையிருப்பு அந்த வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. நல்ல நீள ஏணி வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும். சென்ற முறை வாங்கிய ஏணியில் மூன்றாவது படி ஆடியது.

திருப்பணிக் குழு